படபடப்பு எப்போது நோயாகிறது? இயல்பான பதற்றத்தையும் பதற்றக் கோளாறையும் பிரித்தறிய ஒரு முழுமையான வழிகாட்டி

குடியாத்தத்தில் நான் பன்னிரண்டாம் வகுப்புக்கு வேதியியல் கற்பித்த காலத்தில் ஒரே வகுப்பில் படித்த இரண்டு மாணவியரை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. ஒருத்தி செய்முறைத் தேர்வு நாளில் காலையிலிருந்தே கை நடுங்கி, பியூரெட்டைச் சரியாகப் பிடிக்க முடியாமல், இருமுறை வெளியே ஓடி வாந்தி எடுத்துவிட்டு வந்து தேர்வைச் செய்து முடித்தாள். மதியம் பள்ளி வாசலில் தோழியரோடு சிரித்துக்கொண்டே ஐஸ் தின்றாள். மற்றவள் நடுங்கவும் இல்லை, அழவும் இல்லை. வகுப்பில் வாய்மொழியாகக் கேள்வி கேட்கும் நாட்களில் மட்டும் அவளுக்கு வயிற்றுவலி வந்தது. பிறகு திங்கட்கிழமைதோறும் வந்தது. அரையாண்டுத் தேர்வுக்குப் பின் அவள் பள்ளிக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். ஆசிரியர் அறையில் நாங்கள் கவலைப்பட்டதெல்லாம் முதல் மாணவியைப் பற்றித்தான். இரண்டாமவளை ‘அமைதியான பிள்ளை’ என்று சொல்லிக் கடந்துவிட்டோம்.

அதே தவற்றைச் சில ஆண்டுகளுக்குப் பின் என் வீட்டிலும் செய்தேன். வேலூருக்குச் செல்லும் பேருந்தில் என் தங்கை ஒருநாள் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, “அக்கா, இன்னாமோ மாதிரி கீது, நெஞ்சு அடைக்குது” என்றாள். அந்த ‘இன்னாமோ மாதிரி’ என்ற சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று புரிந்துகொள்ள எங்களுக்கு இரண்டு ஆண்டுகள் பிடித்தன. அதற்குள் நான்கு இசிஜி, ஒரு எக்கோ, பெயர் தெரியாத ‘நரம்பு ஊசி’கள் பல. நான் மருத்துவர் அல்லள். நோயை உறுதி செய்வது மருத்துவரின் வேலை. ஆனால் மருத்துவரிடம் போக வேண்டுமா, எப்போது போக வேண்டும், போய் என்ன சொல்ல வேண்டும் என்பதை முடிவு செய்வது வீட்டில் இருப்பவர்கள்தாம். அந்த முடிவுக்கு உதவும் வரிசையிலேயே கீழே எழுதியிருக்கிறேன்.

படி 1: உடல் எவ்வளவு நடுங்குகிறது என்பதை அளவுகோலாகக் கொள்ளாதீர்கள்

பயம் வரும்போது சிறுநீரகங்களின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினை வெளியிடுகின்றன. இதயம் வேகமாகத் துடிக்கிறது, மூச்சு விரைகிறது, தசைகளுக்கு இரத்தம் கூடுதலாகப் பாய்கிறது, செரிமானம் தடைப்படுவதால் வயிற்றைக் கலக்குகிறது, உள்ளங்கை வியர்க்கிறது. இது ஓடுவதற்கோ எதிர்த்து நிற்பதற்கோ உடல் செய்யும் ஆயத்தம். தேர்வுக்கு முன் வரும் படபடப்பிலும் சரி, பதற்றக் கோளாறிலும் சரி, இயங்குவது இதே பொறிதான். ஆகவே ‘எனக்கு நெஞ்சு அப்படி அடித்துக்கொண்டது, இது நோயாகத்தான் இருக்க வேண்டும்’ என்றோ, ‘வெளியே ஒன்றும் தெரியவில்லையே, இது நோயாக இருக்காது’ என்றோ உடற்குறியை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது.

இங்கே இரண்டு செய்திகளைத் தெரிந்துவைத்திருப்பது பெரிய ஆறுதல். வேகவேகமாக மூச்சு வாங்கும்போது உடலிலிருந்து கரியமில வாயு அளவுக்கு மேல் வெளியேறிவிடுகிறது. விரல் நுனியும் உதட்டைச் சுற்றிய பகுதியும் மரத்துப்போவதும் தலை கிறுகிறுப்பதும் பெரும்பாலும் அதனால்தான். மற்றொன்று, ‘மயங்கி விழுந்துவிடுவேன்’ என்ற அச்சம். பதற்றத்தின்போது இரத்த அழுத்தம் பொதுவாக ஏறுகிறது. மயக்கமோ அது விழும்போது வருவது. ஆகையால் பதற்றத்தில் உண்மையிலேயே மயங்கி விழுபவர்கள் குறைவு. இரத்தத்தையும் ஊசியையும் கண்டு அஞ்சுபவர்கள் இதற்கு விலக்கு. அவர்களுக்கு அழுத்தம் திடீரென விழுவதால் மயக்கம் உண்மையாகவே வரும்.

படி 2: பயத்தையும் அதன் காரணத்தையும் எதிரெதிரே வைத்துப் பாருங்கள்

இயல்பான பதற்றத்துக்கு முகவரி உண்டு. நேர்முகத் தேர்வு, மகளின் பிரசவம், வேலூரை ஒட்டிய பாகாயம், அடுக்கம்பாறை மருத்துவமனைகளில் எடுத்த பரிசோதனையின் முடிவுக்காகக் காத்திருத்தல் என்று அதைச் சுட்டிக்காட்ட முடியும். அதன் அளவும் காரணத்தின் அளவுக்கு ஏறத்தாழப் பொருந்தியிருக்கும். கோளாறில் இந்தப் பொருத்தம் குலைகிறது. பள்ளிப் பேருந்து பத்து நிமிடம் தாமதித்தால் விபத்து என்று மனம் முடிவு கட்டுகிறது. பிள்ளை வந்து சேர்ந்ததும் அந்தக் கவலை தீர்வதில்லை. கேஸ் சிலிண்டரை மூடினோமா என்பதற்குத் தாவுகிறது, அங்கிருந்து கணவரின் சர்க்கரை அளவுக்கு, அங்கிருந்து அடுத்த ஆண்டுக் கல்லூரிக் கட்டணத்துக்கு. பொருள் மாறிக்கொண்டே இருக்கிறது, கவலை மட்டும் மாறாமல் நிற்கிறது. இதுவே பொதுவான பதற்றக் கோளாறின் முகம்.

ஆனால் இந்தப் படியில் ஓர் அநீதி நேராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் அழுத்தமான கருத்து. குழுக் கடன் வாங்கிய பெண், தவணை நாளன்று தெருவில் பைக் சத்தம் கேட்டதும் உடல் பதறி எழுந்தால், அது கோளாறு அன்று. அவளுக்கு வரும் ஆபத்து மெய்யானது. குடித்துவிட்டு வந்து அடிக்கும் கணவனின் காலடியோசைக்கு நடுங்குபவளும், ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ ஆர்டர் குறைந்ததால் அடுத்த மாதம் வேலை இருக்குமா என்று தூங்காமல் கிடக்கும் தோல் தொழிலாளியும் அப்படியே. அவர்களுக்கு முதலில் வேண்டியது கடனுக்கும் அடிக்கும் வேலைக்குமான தீர்வு. மாத்திரையை மட்டும் கையில் கொடுத்து அனுப்புவது நியாயமாகாது. அதே சமயம், மெய்யான நெருக்கடி நீண்டுகொண்டே போகும்போது அதன் மேல் கோளாறும் வந்து படியக்கூடும். கடன் அடைந்த பிறகும் பைக் சத்தத்துக்கு உடல் பதறினால் அடுத்த படிகளையும் பார்க்க வேண்டும்.

படி 3: காலத்தைக் கணக்கிடுங்கள்

இயல்பான படபடப்பு நிகழ்ச்சிக்கு முன் ஏறி, நிகழ்ச்சி தொடங்கியதும் தணியத் தொடங்கி, முடிந்ததும் இறங்கிவிடும். வாந்தி எடுத்த மாணவி மதியம் ஐஸ் தின்றதைப் போல. மருத்துவர்கள் பயன்படுத்தும் வரையறைகள் இதற்கு எண்களைத் தருகின்றன. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட வரையறையின்படி, பொதுவான பதற்றக் கோளாறு என்று சொல்ல, கட்டுப்படுத்த முடியாத மிகைக் கவலை குறைந்தது 6 மாதங்களாக, பெரும்பாலான நாட்களில் இருந்திருக்க வேண்டும். அதனோடு நிலைகொள்ளாமை, எளிதில் களைப்பு, கவனம் சிதறுதல், எரிச்சல், தசை இறுக்கம், தூக்கக் கேடு ஆகிய ஆறில் பெரியவர்களிடம் குறைந்தது மூன்றும் குழந்தைகளிடம் குறைந்தது ஒன்றும் காணப்பட வேண்டும். பிறர் முன் பேசவும் உண்ணவும் கையெழுத்திடவும் அஞ்சும் சமூகப் பதற்றத்துக்கும் 6 மாதங்களே வழக்கமான அளவு.

திடீர்ப் பீதி இதிலிருந்து வேறுபட்டது. அது சில நிமிடங்களுக்குள் உச்சத்தைத் தொட்டு, ‘செத்துப்போகிறேன்’ என்றே எண்ண வைத்துவிட்டு அடங்கும். ஒருமுறை அப்படி வந்துபோனாலே நோய் என்று பொருளில்லை. பலருக்கு வாழ்நாளில் ஒன்றிரண்டு முறை வந்து, பிறகு வராமலே போய்விடுகிறது. காரணமின்றி அது திரும்பத் திரும்ப வந்து, ‘மறுபடி வந்துவிடுமோ’ என்ற அச்சம் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தாலோ, அந்த அச்சத்தால் நடைமுறைகளை மாற்றிக்கொண்டாலோதான் அதைப் பீதிக் கோளாறு என்கிறார்கள்.

6 மாதங்கள் என்பது மருத்துவர் பெயரிடுவதற்கான எல்லை. உதவி கேட்பதற்கு அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டியதில்லை.

படி 4: எதையெல்லாம் விட்டுவிட்டீர்கள் என்று எண்ணுங்கள்

எல்லாப் படிகளிலும் இதையே நான் முதன்மையாகக் கருதுகிறேன். என் தங்கைக்குப் பேருந்தில் அந்தப் பீதி வந்தது பள்ளிகொண்டாவைத் தாண்டி நெடுஞ்சாலையில் ஏறிய பிறகு. அடுத்த மாதம் அவள் வேலூர்ப் பயணத்தைத் தள்ளிப்போட்டாள், ‘வெயில்’ என்றாள். வேலூர் வெயிலைக் காரணம் காட்டினால் இங்கே யார்தான் மறுப்பார்கள்? பிறகு பேருந்தை விட்டுவிட்டு, கணவரின் பைக்கில் மட்டும் சென்றாள். அதன் பிறகு பள்ளிகொண்டாவோடு நின்றாள். ஒவ்வோர் ஆண்டும் வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசு ஊர்வலத்துக்கு எங்களை எல்லாம் இழுத்துக்கொண்டு போகிறவள், அந்த ஆண்டு கூட்டம் ஆகாது என்று வீட்டிலேயே இருந்துவிட்டாள். இறுதியில் தெருமுனைக் கடைக்குக்கூடப் பிள்ளையைத்தான் அனுப்பினாள். இந்தக் காலம் முழுவதும் அவளுக்குப் படபடப்பு வந்தது மிகக் குறைவு. ‘இப்போது தேவலையாக இருக்கிறது’ என்று நாங்கள் மகிழ்ந்துகொண்டிருந்தோம். அவள் வாழ்ந்த வட்டம் முப்பத்தைந்து கிலோமீட்டரிலிருந்து ஒரு வாசலுக்குச் சுருங்கியதை நாங்கள் அளக்கவில்லை.

விலகுதல் ஏன் இவ்வளவு ஆபத்தானது என்றால், விலகிய அக்கணமே நிம்மதி கிடைக்கிறது. பேருந்தில் ஏறாமல் திரும்பியதும் நெஞ்சு இலகுவாகிறது; ‘ஏறியிருந்தால் செத்திருப்பேன், ஏறாததால் தப்பினேன்’ என்று மனம் பாடம் படித்துக்கொள்கிறது. ஏறியிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்பதை அறியும் வாய்ப்பே அதற்குக் கிடைப்பதில்லை. மறுமுறை பயம் கூடுதல் பலத்தோடு வருகிறது.

வெளிப்படையாக விலகாமல், மறைவாக விலகுபவர்களும் உண்டு. தண்ணீர்ப் புட்டியும் மாத்திரைப் பட்டையும் பையில் இல்லாமல் வெளியே கால் வைக்காதவர், கதவோரத்தில்தான் உட்கார்வேன் என்பவர், நாளுக்குப் பத்துமுறை நாடி பார்ப்பவர், கூட ஆள் வந்தால்தான் கல்யாணத்துக்குப் போவேன் என்பவர் ஆகியோரையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். பிள்ளைகளிடம் இது வயிற்றுவலியாகவும் தலைவலியாகவும் வரும். திங்கட்கிழமை காலையில் தவறாமல் வந்து, முழு ஆண்டு விடுமுறையில் அடியோடு காணாமல் போகும் வலியை நடிப்பு என்று கடியாதீர்கள். வலி உண்மை, அதன் வேர்தான் வேறிடத்தில் இருக்கிறது.

ஆகவே ஒரு தாளை எடுத்து, ஓராண்டுக்கு முன் இயல்பாகச் செய்துவந்து இன்று செய்யாமல் இருப்பவற்றை எழுதுங்கள். அந்தத் தாள் வெறுமையாக இருந்து, முந்தைய படிகளில் சொன்ன காரணமும் காலமும் பொருந்தியிருந்தால் உங்கள் படபடப்பு, பலமாக இருந்தாலும், பெரும்பாலும் இயல்பானது. வரிகள் கூடிக்கொண்டே போனால் அமைதியாக இருப்பதாகத் தோன்றினாலும் உதவி தேவை.

படி 5: உடல் நோய் இல்லை என்பதை ஒருமுறை, ஒழுங்காக உறுதி செய்யுங்கள்

தைராய்டு மிகையாகச் சுரந்தால் படபடப்பு, கை நடுக்கம், வியர்வை எல்லாம் பதற்றத்தைப் போலவே வரும். அக்கினி நட்சத்திரத்தில் வேலூரில் வியர்க்காதவர் இல்லை. ஆனால் மார்கழிக் காலையிலும் புழுங்குகிறது, நன்றாகச் சாப்பிட்டும் எடை குறைகிறது என்றால் தைராய்டு இரத்தப் பரிசோதனை அவசியம். இரத்தசோகை உள்ள பெண்களுக்கு மாடிப்படி ஏறினாலே நெஞ்சு அடித்துக்கொள்ளும். சர்க்கரைக்கு இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுப்பவர்களுக்குச் சர்க்கரை தாழும்போது நடுக்கமும் வியர்வையும் பதைப்பும் வரும். ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் சால்பியூட்டமால் இதயத் துடிப்பைக் கூட்டும். நாள் முழுவதும் குனிந்து பீடி சுற்றிக்கொண்டே எட்டுப் பத்து டீ குடிப்பவர்கள், தூக்கம் வரவில்லை என்று மாத்திரை கேட்கும் முன் டீயை எண்ணிப் பார்க்கலாம். தினமும் மது குடிப்பவருக்குக் காலையில் வரும் கைநடுக்கம் பயத்தால் வருவதன்று, மது இறங்குவதால் வருவது; அதைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து, மருத்துவர் துணை வேண்டும்.

நடக்கும்போதோ சுமை தூக்கும்போதோ நெஞ்சு இறுக்கி, வலி இடக்கைக்கோ தாடைக்கோ பரவி, குளிர்ந்து வியர்த்தால், அது பதற்றமா என்று ஆராய்ந்துகொண்டிருக்காமல் 108-ஐ அழையுங்கள். முதன்முறையாக நெஞ்சுவலி வரும் யாரும், எந்த வயதினராக இருந்தாலும், மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும்.

ஆனால் ஒருமுறை ஒழுங்காகப் பார்த்து இதயம் நன்றாக இருக்கிறது என்று சொன்ன பிறகு, மாதம் ஒரு புதிய இடத்தில் மீண்டும் இசிஜி எடுப்பது ஆராய்ச்சி ஆகாது. அதுவே நோயின் பகுதியாகிவிடுகிறது. என் தங்கைக்கு இரண்டாம் இசிஜிக்குப் பிறகு யாராவது ஒருவர் ‘இது பதற்றம், இதற்குச் சிகிச்சை உண்டு’ என்று சொல்லியிருந்தால் ஓராண்டு மிஞ்சியிருக்கும். ‘ஒன்றும் இல்லை, கேஸ்தான், நரம்புத் தளர்ச்சி’ என்று சொல்லி ஊசி போட்டு அனுப்பினார்கள். அவளுக்கு ‘ஒன்றும் இல்லை’ என்ற சொல், ‘நீ பொய் சொல்கிறாய்’ என்று கேட்டது.

படி 6: இரண்டு வாரம் நோட்டில் குறித்து வையுங்கள்

நினைவு பயத்தின் பக்கம் சாய்வது. எழுதினால்தான் உண்மை தெரியும். நான்கு பத்திகள் போதும்: எப்போது, எங்கே வந்தது; உடலில் என்ன நடந்தது; எவ்வளவு நேரம் நீடித்தது; அதனால் எதை விட்டேன் அல்லது தள்ளிப்போட்டேன். நான்காம் பத்தியை வெட்கப்படாமல் நிரப்புங்கள்.

இரண்டு வார முடிவில், 2006-இல் வெளியான ஏழு வினாக்கள் கொண்ட அளவுகோலையும் பயன்படுத்தலாம். உலகெங்கும் மருத்துவர்கள் கையாள்வது அது. கடந்த இரண்டு வாரங்களில் பதற்றமாக இருந்தது, கவலையை நிறுத்த முடியாமல் போனது, பலவற்றைப் பற்றி மிகையாகக் கவலைப்பட்டது, உடலைத் தளர்த்த முடியாதது, ஓரிடத்தில் இருக்க முடியாதது, எளிதில் எரிச்சல் வந்தது, ஏதோ கெட்டது நடக்கப்போகிறது என்று அஞ்சியது ஆகிய ஒவ்வொன்றுக்கும், இல்லவே இல்லை என்றால் 0, சில நாட்கள் என்றால் 1, பாதிக்கு மேற்பட்ட நாட்கள் என்றால் 2, ஏறக்குறைய தினமும் என்றால் 3 மதிப்பெண். மொத்தம் 21. 5-லிருந்து லேசானது, 10-லிருந்து நடுத்தரமானது, 15-லிருந்து கடுமையானது. 10-ஐத் தொட்டால் மருத்துவரைப் பார்ப்பது நல்லது. இந்த எண் நோயை உறுதி செய்யாது. கதவைத் தட்டலாமா என்பதை மட்டும் சொல்லும். மதிப்பெண் குறைந்து நான்காம் பத்தி நிரம்பியிருந்தால் நான்காம் பத்தியையே நம்புங்கள். எல்லாவற்றையும் விலக்கிவிட்டவருக்கு மதிப்பெண் குறையத்தான் செய்யும்.

படி 7: யாரிடம், எப்படிச் சொல்வது

நம் வேலூர் மாவட்டத்தில் மனநலச் சிகிச்சைக்கு இடம் தேடி அலைய வேண்டியதில்லை. பாகாயத்தில் சிஎம்சி (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மருத்துவமனையின் மனநல மையம் 1957 முதல் இயங்கிவருகிறது. உள்நோயாளியோடு குடும்பத்தினரும் தங்கிச் சிகிச்சையில் பங்கேற்கும் முறையால் அது நாடறிந்த இடம். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு உண்டு. முதலில் நேரில் போகத் தயக்கம் என்றால், ஒன்றிய அரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி மானஸ் சேவையின் 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். உயிர் வாழ்வதே வேண்டாம் என்ற எண்ணம் எழுந்தால் நோட்டு, மதிப்பெண் எதற்கும் காத்திராமல் அன்றே அழைக்க வேண்டும். அப்படி எண்ணுபவரைத் தனியே விடக் கூடாது.

கோயிலுக்குப் போய் வேப்பிலை அடித்து வருவதையும், தர்காவில் ஓதிக் கயிறு கட்டிக்கொள்வதையும் நான் தடுக்க மாட்டேன். எங்கள் அம்மாவும் செய்தார். மருத்துவரைப் பார்ப்பதை அது ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது, அவ்வளவுதான்.

மருத்துவர் முன் அமர்ந்ததும் பலரும் ‘தலைவலி, தூக்கமில்லை’ என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுகிறார்கள். நோட்டைக் கையில் கொடுங்கள். ‘ஓராண்டாகப் பேருந்தில் ஏறவில்லை’ என்ற ஒரு வாக்கியம் பத்து அறிகுறிகளைவிடத் தெளிவாகப் பேசும்.

படி 8: சிகிச்சையில் எதை எதிர்பார்க்கலாம்

நன்கு நிறுவப்பட்ட வழிகள் இரண்டு. ஒன்று, எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றிப் பழக்கும் உரையாடல் சிகிச்சை. விலகியவற்றை அணுகுவதே அதன் உயிர்நாடி. என் தங்கைக்கு அது ஏணிபோல அமைந்தது: முதல் வாரம் பேருந்து நிலையத்தில் நிற்பது மட்டும்; பிறகு ஒரே ஒரு நிறுத்தம்; பிறகு பள்ளிகொண்டா; பிறகு தனியாக, தண்ணீர்ப் புட்டி இல்லாமல் பள்ளிகொண்டா. ஒவ்வொரு கட்டத்திலும் பயம் ஏறி, தானாகவே இறங்கும் வரை அங்கேயே இருக்க வேண்டும். உச்சத்தில் இறங்கி ஓடினால் பழைய பாடமே மீண்டும் பதியும்.

மற்றது மாத்திரை. செர்ட்ராலின், எஸ்சிட்டாலோபிராம் போன்றவை வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். தொடக்க நாட்களில் படபடப்பு சற்றுக் கூடவும் செய்யலாம் என்பதை முன்பே அறிந்திருந்தால் பாதியில் நிறுத்தமாட்டீர்கள். நலமான பிறகும் மருத்துவர் பல மாதங்கள் தொடரச் சொல்வார். தாமாக நிறுத்தக் கூடாது. அல்பிரசோலம் போன்ற மாத்திரைகள் அரை மணியில் அடக்கிவிடுவதாலேயே ஆபத்தானவை; நாள்பட உண்டால் அதற்கே அடிமையாக நேரும். பழைய சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் அதை வாங்கித் தரும் உறவினர்கள் நல்லது செய்வதாக நினைத்துக் கெடுதல் செய்கிறார்கள்.

வீட்டார் செய்யவேண்டியது கடினமானது. ‘தைரியமாக இரு’ என்று அதட்டவும் கூடாது. எல்லா இடத்துக்கும் துணைபோய் விலகுதலுக்கு உதவவும் கூடாது. நாங்கள் இரண்டையும் செய்தோம். சிகிச்சையாளர் சொன்ன பிறகே, நிறுத்தத்தில் நின்று கையசைத்துவிட்டுத் திரும்பிவரப் பழகினேன்.

சிகிச்சை தொடங்கி ஆறு வாரம் கழித்து அதே நோட்டை மீண்டும் எழுதுங்கள். படபடப்பு முன்போலவே இருப்பதாகத் தோன்றி மனம் சோர்ந்தாலும், முதலில் நான்காம் பத்தியைப் பாருங்கள். அதுதான் முதலில் குறையும். என் தங்கைக்குப் பள்ளிகொண்டா தாண்டியதும் இன்றும் நெஞ்சு சற்று அடித்துக்கொள்கிறதாம். வியாழக்கிழமைதோறும் வேலூருக்குப் போய் வருகிறாள்.